கொக்கி இல்லாத எலி

ஜூன் 3, திங்கள்

ஆய்வகப் பதிவேட்டில் எடை, தீவனம், தண்ணீர், அறை வெப்பம் இவற்றைத் தவிர வேறொன்றும் எழுதக் கூடாது என்று மரகதவல்லி மேடம் சொல்லிவிட்டார். போன வாரம் நான், 'மூன்றாம் கூண்டு எலி இன்று சற்று வருத்தமாக இருந்தது' என்று எழுதியிருந்தேன். அதைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 'எலியிடம் கேட்டீர்களா?' என்று எழுதியிருக்கிறார்.

ஆகவே மற்ற விஷயங்களுக்கு இந்த டைரி. ஒரு கோழித் தீவனக் கம்பெனி ஜனவரியில் கொடுத்தது. அட்டையில் சேவல் படம். நாமக்கல்லில் வேறென்ன படம் போடுவார்கள்.

ஆராய்ச்சி இதுதான். கால்நடைக் கல்லூரியின் பின்கட்டில் இரண்டு அறைகள். இரண்டிலும் வெள்ளை எலிகள், எல்லாமே ஆண்கள். கூண்டுகளுக்கு மேலே அறைக்கொரு வைஃபை பெட்டி, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு பெட்டிதான் நிஜமாக வேலை செய்கிறது. மற்றதில் விளக்கு மட்டும்தான். எது எது என்று மேடத்துக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரிந்தால் என்னையறியாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவேன் என்கிறார். இரண்டு மாதம் கழித்து எலிகளின் விந்தணுக்களை எண்ணி, அவை நீந்துவதைப் பார்த்து, கம்பியில்லாக் கதிர்வீச்சு ஏதாவது செய்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். எண்ணுவது என் வேலை.

"எலிக்கு எதுக்குங்க மாமா வைஃபை?" என்று கோகிலவாணி கேட்டாள். அவள் என் மனைவி. பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர்.

"குழந்தை பிறக்குமா பிறக்காதான்னு பார்க்க" என்றேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். இதை இங்கே எழுதுவதற்குத் தனிக் காரணம் ஒன்றுமில்லை.

ஜூன் 5, புதன்

மேடம் கொடுத்த கட்டுரைகளைப் படித்தேன். ஒருவர் எண்ணிக்கை குறைகிறது என்கிறார். இன்னொருவர் எண்ணிக்கை சரி, நீச்சல்தான் மந்தம் என்கிறார். மூன்றாமவர் ஒன்றுமே ஆகவில்லை என்கிறார். எல்லாரும் கடைசிப் பாராவில் 'மேலும் ஆய்வு தேவை' என்று கைகுலுக்கிக்கொள்கிறார்கள்.

பேன்ட் பாக்கெட்டில் செல்போன் வைத்துக்கொள்ளும் ஆண்களைப் பற்றியும் ஒரு கட்டுரை இருந்தது. நம் ஆராய்ச்சி எலிகளைப் பற்றியது என்பதால் அதை மேலோட்டமாகத்தான் பார்த்தேன். இரண்டு தடவை.

என் பேன்ட்டின் இடது பாக்கெட்டில் தையல் கொஞ்சம் விட்டிருக்கிறது. இனி போனைச் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வதாக முடிவு.

ஜூன் 8, சனி

கோகிலா பாக்கெட்டைத் தைத்துக் கொடுத்துவிட்டாள். "நூலு ஒண்ணுதான் பிரிஞ்சிருந்துச்சு. இதுக்காகவா போன நெஞ்சுல வெச்சுட்டுத் திரியறீங்க?"

வேறு காரணம் யோசிக்க வேண்டும்.

ஜூன் 12, புதன்

சட்டைப் பாக்கெட் இதயத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. போன் இனிமேல் பையில்.

ஜூன் 16, ஞாயிறு

அம்மா சேந்தமங்கலத்திலிருந்து வந்திருந்தார். தம்பி ரகுபதியின் மனைவி நந்தினி முழுகாமல் இருக்கிறாளாம். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ரகுவுக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொன்னேன். கையை நீட்டி, ஸ்பீக்கரில்.

சாப்பிடும்போது அம்மா கோகிலாவிடம், "எல்லாரும் கேக்கறாங்க கண்ணு. நான் என்னத்தச் சொல்றது? பையனுக்குப் பேரே குழந்தைவேல்னு வெச்சேன். அதுக்காவது ஒரு பலன் வேண்டாமா? நீயும் நல்லா ஒரு டாக்டரம்மாவப் பாத்துட்டு வா. எதுலயோ ஒரு கொறை இருக்கும். சரி பண்ணிக்கலாம்" என்றார்.

கோகிலா, "இன்னொரு தோசை வைக்கட்டுங்களா அத்தை?" என்று கேட்டாள்.

நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டை மாடிக்குப் போனேன். தொட்டி நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 24, திங்கள்

இடது அறை எலிகள் மந்தமாக இருக்கின்றன. வலது அறையில் ஏறுவதும் குதிப்பதும் கூண்டுக் கம்பியைக் கடிப்பதுமாக ஒரே கொண்டாட்டம். இடது அறையில் மூலையில் ஒடுங்கி, ஒன்றின் முதுகில் ஒன்று தலை வைத்துக்கொண்டு கிடக்கின்றன. நிஜப் பெட்டி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேடத்திடம் சொல்லவில்லை. பதிவேட்டில், 'தீவனம் சாதாரணம்' என்று எழுதினேன்.

இடது அறையில் கூண்டைக் கழுவும்போது கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறேன். அவ்வளவுதான் செய்ய முடியும்.

ஜூலை 2, செவ்வாய்

எங்கள் வீட்டு வைஃபை பெட்டி படுக்கையறை அலமாரியில், என் தலைமாட்டிலிருந்து ஒரு கை தூரத்தில் இத்தனை வருடமாக இருந்திருக்கிறது. யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதலில் சமையலறைக்கு மாற்றினேன். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் நான் சாப்பிட உட்காரும் இடம் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. வராந்தாவுக்கு மாற்றினேன். அங்கே நான் பேப்பர் படிப்பேன். கடைசியில் காம்பவுண்டுச் சுவரோரம், மழை படாமல் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து, அதற்கடியில்.

வீட்டுக்குள் இப்போது நெட் வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து, தங்கள் வீட்டில் திடீரென்று படமெல்லாம் தெளிவாக ஓடுவதாகவும், பாஸ்வேர்டு கொடுத்ததற்கு ரொம்ப நன்றி என்றும் சொன்னார். நான் கொடுக்கவில்லை. கோகிலா போன தீபாவளிக்கே கொடுத்திருக்கிறாள்.

அவருக்கு மூன்று பிள்ளைகள். அதனால் பரவாயில்லை.

ஜூலை 9, செவ்வாய்

தப்பு நடந்துவிட்டது.

வீட்டிலிருக்கும்போது போனை மூடி போட்ட எவர்சில்வர் தூக்குப்போசியில் வைத்து, பரணில் ஏற்றிவிடுவது என்று ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். இன்று அரை நாள் லீவு. பரமத்தி ரோட்டில் கோகிலாவிடம் கார் பழகும் ஓர் அம்மாள், பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்து, காரைச் சாக்கடைக் கால்வாயில் இறக்கிவிட்டார். யாருக்கும் அடியில்லை. கோகிலா என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றே வந்திருக்கிறது. நான் தொடர்பு எல்லைக்கு நேர் கீழே, கட்டிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அவள் முழங்கால் வரை சேற்றோடு வீட்டுக்கு வந்தாள். "போன் எங்க?"

இங்கேதான் எங்கேயோ என்றேன். தேடினாள். தேடுவதில் அவளை மிஞ்ச முடியாது. பரணிலிருந்து தூக்குப்போசியை இறக்கி, மூடியைத் திறந்து, உள்ளே பார்த்து, என்னைப் பார்த்தாள்.

"போன பாக்கெட்டுல வெக்கறதில்ல. பேசறதுன்னா வாசலுக்குப் போயிடறீங்க. நான் பக்கத்துல வந்தா போன அக்கட்ட தள்ளி வெக்கறீங்க. இப்ப தூக்குப்போசி. யாருங்க அவ?"

"எவ?"

"அதத்தான கேக்கறேன்."

எலிகளைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். எலிகளில் ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

ஜூலை 10, புதன்

ரசம். அப்பளம் இல்லை.

ஜூலை 11, வியாழன்

ரசம்.

ஜூலை 12, வெள்ளி

மேடத்திடம் பொதுவாகக் கேட்பது போல, "எவர்சில்வர் பாத்திரத்துக்குள்ள போன வெச்சா கதிர்வீச்சு வெளிய வராதில்லீங்களா மேடம்?" என்றேன்.

"ஒழுங்கா மூடாத பாத்திரம்னா, உள்ள கொஞ்சம் சிக்னல் கெடைக்கும், கொஞ்சம் கெடைக்காது. போன் டவரத் தேடி இன்னும் அதிகமாக் கத்தும்" என்றார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "எலிங்க போன் வெச்சிருக்கா என்ன?"

"பொது அறிவுக்குத்தாங்க மேடம்."

ஜூலை 15, திங்கள்

கோகிலா கல்லூரிக்கே வந்துவிட்டாள். 'எல்' போர்டு வைத்த காரில், சொல்லாமல் கொள்ளாமல். சாப்பாட்டுப் பை மறந்துபோனதாம். நான் மறக்கவில்லை, அவள்தான் மூன்று நாளாகக் கட்டிக் கொடுக்கவில்லை.

யாரைப் பிடிக்க வந்தாளோ அவள் அகப்படவில்லை. எங்கள் பிரிவில் இருக்கும் ஒரே பெண் மரகதவல்லி மேடம். அவருக்கு ஐம்பத்தாறு வயது. மேடத்துக்கு யாராவது ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டால் போதும். கோகிலாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் காட்டினார்.

"இதெல்லாம் ஆம்பளை எலிங்களா மேடம்?"

"ஆமாம்மா."

"கொறை ஆம்பளைக்கும் இருக்குமுங்களா?"

"பாதிக்குப் பாதி அங்கயும் இருக்கும். ஆனா அவங்களச் சோதிக்கக் கூட்டிட்டு வர்றதுதான் கஷ்டம். எலி பரவால்ல, கூண்டுல இருக்கு."

கோகிலா பச்சை விளக்கைப் பார்த்தாள். கூண்டுகளைப் பார்த்தாள். பிறகு ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். முதலில் சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கிளம்பும்போது பார்த்தால் அவள் கண் கலங்கியிருந்தது. எலிக்கூண்டு வாடை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

ராத்திரி கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம், எல்லாம். தூக்குப்போசியைத் துலக்கி அதன் இடத்தில் கவிழ்த்து வைத்திருந்தாள். என் போனை அவளே எடுத்துக்கொண்டுபோய் டி.வி. மேஜையில் வைத்தாள். பெண்களின் கோபம் ஏன் வருகிறது, ஏன் போகிறது என்று சொல்ல முடியாது.

ஜூலை 28, ஞாயிறு

"சேலத்துல ஒரு நல்ல டாக்டர் இருக்காராம். ரெண்டு பேரும் போயிட்டு வரலாங்களா?" என்றாள் கோகிலா.

எலிகளுக்கு இறுதிக் கட்டம், லீவு கிடைக்காது என்றேன். உண்மைதான். இறுதிக் கட்டம் அடுத்த வாரம்தான் ஆரம்பிக்கிறது, ஆனாலும் உண்மைதான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று முதல் தொகுதி. இதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. எலி தூங்கிப்போகும். பிறகு எழுந்திருக்காது. மேடம் அந்த வேலையை வேறு யாரிடமும் விடுவதில்லை. ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது ஒரு கணம் சும்மா நிற்கிறார். பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

அப்புறம் மைக்ராஸ்கோப். எலியின் விந்தணுவுக்குத் தலை உருண்டையாக இருக்காது, சின்னக் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். கொக்கியை முன்னால் நீட்டிக்கொண்டு, நீள வாலை அடித்து, ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் எல்லாம் ஓடுகின்றன. மத்தியானச் சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக ஓடுபவை, தள்ளாடுபவை, இருந்த இடத்திலேயே சுற்றுபவை என்று பிரித்து எண்ண வேண்டும். எனக்கு நன்றாக வருகிறது என்றார் மேடம்.

பஸ்சில் வரும்போது ஒரு யோசனை தோன்றியது. எழுதத் தேவையில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எழுத வேண்டியதாகிவிட்டது.

இன்று காலை நான் ஆய்வகத்துக்கு ஒரு கூடுதல் மாதிரி கொண்டுபோனேன். எங்கிருந்து எடுத்தது என்பது முக்கியமில்லை. சீக்கிரமாக, உடம்புச் சூட்டிலேயே கொண்டுபோக வேண்டும் என்று படித்திருந்ததால், சின்னக் குப்பியைச் சட்டைக்குள் வைத்து ஒரு கையால் அணைத்துக்கொண்டு டவுன் பஸ்சில் நின்றேன். கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "நெஞ்சு வலிங்களா சார்?" என்று கேட்டு, ஒரு கல்லூரிப் பெண்ணை எழுப்பிவிட்டு எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்.

மேடம் ஒன்பதரைக்குத்தான் வருவார். எட்டரைக்கு நான் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் ஏற்றிவிட்டேன். வெளிச்சத்தைச் சரி செய்தேன். குனியப் போனேன். குனிய முடியவில்லை. எத்தனையோ எலிகளுடையதைக் கண்கொட்டாமல் பார்த்தவன், லென்சிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கழுத்து விறைத்து நின்றுவிட்டேன்.

அப்போது பின்னால் செருப்புச் சத்தம்.

"சீக்கிரம் வந்துட்டீங்க. நல்லது. தள்ளுங்க, பாக்கறேன்" என்றார் மேடம்.

தள்ளினேன். வேறென்ன செய்வது?

மேடம் குனிந்தார். பார்த்தார். திருகைச் சுற்றினார். மறுபடி பார்த்தார்.

"எந்த அறை?"

"இடது அறைங்க மேடம்."

"கொக்கி எங்க?"

"மேடம்?"

"எலின்னா தலை கொக்கி மாதிரி இருக்கணும். இந்த எலிக்குக் கோழிமுட்டை மாதிரி இருக்கு."

மேடம் கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"எலிக்கு வயசு என்ன?"

"முப்பத்தேழுங்க மேடம்."

"வாரமா?"

"வாரம்தாங்க மேடம்."

"கல்யாணமான எலியா?"

"ஆறு வரு... ஆறு வாரம் ஆச்சுங்க மேடம்."

மேடம் நிமிர்ந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு சீரான குரலில், பதிவேட்டில் எழுதச் சொல்வது போலச் சொன்னார்: "ஓடறது இருக்கு. ஆனா சுத்திக்கிட்டு நிக்கறதுதான் அதிகம். பஸ்சுல வந்த மாதிரியை ஒரே ஒரு தடவை பாத்துட்டு யாரும் ஒண்ணும் முடிவு சொல்ல முடியாது. இது என் துறையும் இல்ல. அந்த எலிகிட்டச் சொல்லுங்க, மனுசங்களப் பாக்கற டாக்டர்கிட்ட போகச் சொல்லி. தனியாப் போகவேண்டாம்னும் சொல்லுங்க. அன்னிக்கு வந்திருந்ததே, அந்தப் பொண்ணக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

ஸ்லைடை அவரே எடுத்து ஸ்பிரிட்டில் துடைத்துக் குப்பையில் போட்டார். கதவு வரை போய்த் திரும்பினார்.

"நாளைக்கு எலிக்கு லீவு. ஆனா என் மைக்ராஸ்கோப்புல இனிமே வேற இனம் ஏறக் கூடாது."

ஆகஸ்ட் 10, சனி

லீவு. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று காலை முழுக்க யோசித்தேன். மத்தியானம் கோகிலா, "சும்மா இருந்தா வாங்க, கார் ஓட்டிப் பழகுங்க. எத்தன வருசமாச் சொல்றேன்" என்று பயிற்சிக் காரில் ஏற்றிக்கொண்டாள். மோகனூர் ரோடு. நான் ஸ்டியரிங்கில், அவள் பக்கத்தில். அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு.

ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவது வசதியாக இருக்கும் என்று தோன்றியது. யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

"கோகிலா, ஒரு எலி..." என்றேன்.

"ரெண்டாவது கியர் போடுங்க."

போட்டேன். "எலி இல்ல. நான்தான். எங்கிட்டத்தான் கொறைன்னு நெனைக்கறேன்."

கார் நடுரோட்டில் குலுங்கி நின்றது. நான் பிரேக்கைத் தொடவில்லை.

"எனக்குத் தெரியுமுங்க" என்றாள்.

"எப்படி?"

"மூணு வருசத்துக்கு முந்தி ஈரோட்டுல போய் எனக்கு எல்லாம் பாத்துட்டேன். சித்தி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனனே, அப்ப. எனக்கு ஒண்ணுமில்லைன்னுட்டாங்க."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மிச்சம் நீங்க ஒருத்தர்தான? நீங்களா வரட்டும்னு இருந்தேன். அத்தை பேசறப்பவெல்லாம், இப்பவாவது ஒரு வார்த்தை சொல்லுவீங்க, நாங்க ரெண்டு பேரும் போய்ப் பாக்கறோம்மான்னு சொல்லுவீங்கன்னு பாப்பேன். நீங்க தொட்டியப் பாக்கப் போயிடுவீங்க."

பின்னால் ஒரு முட்டை வண்டி ஹாரன் அடித்தது. அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, போர்டைக் காட்டி, சுற்றிப் போகச் சொன்னாள்.

"தூக்குப்போசியில போன வெச்சீங்களே. நான் என்னென்னமோ நெனச்சு நாலு நாள் சோறு எறங்கல. எலியப் பாத்ததுக்கப்புறந்தான் வெளங்குச்சு. இந்த மனுசன் இவ்வளவு பயந்துட்டு இருக்கறாரே, எங்கிட்ட சொல்லக் கூடாதான்னு இருந்துச்சு."

நான் என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகமில்லை. அழவில்லை. ஏ.சி. காற்று நேராகக் கண்ணில் பட்டது.

"முதல் கியர் போடுங்க. கிளச்ச மெதுவா விடுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 17, சனி

சேலம். டாக்டர் என்னைவிடச் சின்னவர். மாதிரி எடுத்துத் தரச் சொன்ன அறையில் ஒரு நாற்காலி, ஒரு வாஷ்பேசின், சுவரில் ஒரு நீர்வீழ்ச்சிப் படம். கதவுக்கு வெளியே ஒரு நர்ஸ் இன்னொருவரிடம் காளான் பிரியாணி செய்முறை சொல்லிக்கொண்டிருந்தார். எலிகள் பாடு எவ்வளவோ மேல். அவற்றின் கூண்டுக்கு வெளியே யாரும் பிரியாணி பேசுவதில்லை.

ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர், விரையைச் சுற்றி இருக்கும் ரத்தக்குழாய் புடைத்திருப்பதாகச் சொன்னார். காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிற மாதிரி. நிறைய ஆண்களுக்கு இருக்குமாம். அதனால் அந்த இடம் சூடாகி, அணுக்கள் மந்தமாகலாமாம். சின்ன ஆபரேசன்.

"செல்போன்னால வந்ததுங்களா?" என்று கேட்டேன். கோகிலா என் காலை மிதித்தாள்.

"போன பேன்ட்ல வெக்காம இருந்தா நஷ்டமில்ல. ஆனா இது ரொம்ப நாளா இருக்கறது. அது மேல பழி போட முடியாது" என்றார். "ஆபரேசன் பண்ணுனா நல்லா வர வாய்ப்பு அதிகம். கட்டாயம் குழந்தை பிறக்கும்னு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். அப்படி எழுதிக் கொடுக்கறவங்ககிட்டப் போகாதீங்க."

மனுசர் எனக்குப் பிடித்துப்போனார். அக்டோபர் 24க்குத் தேதி வாங்கினோம்.

வீட்டுக்கு வந்ததும் காம்பவுண்டுச் சுவரோரத்திலிருந்து வைஃபை பெட்டியை எடுத்து உள்ளே வைத்தேன். வராந்தாவில். படுக்கையறை வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, ஏதாவது கோளாறா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 4, புதன்

எண்ணி முடிந்தது. இன்று மேடம் எது நிஜப் பெட்டி என்று சொன்னார்.

வலது அறை.

இடது அறையில் விளக்கு மட்டும்தான். இரண்டு மாதமாக நான் தப்பான எலிகளுக்காக வருத்தப்பட்டிருக்கிறேன். ஏறிக் குதித்துக் கொண்டாட்டம் போட்டவைதான் கதிர்வீச்சில் இருந்திருக்கின்றன.

"அப்ப இடது அறை எலிங்க ஏன் மேடம் அப்படி ஒடுங்கிக் கிடந்துச்சு?"

"ஏ.சி. அந்த மூலையில நேரா விழுது. குளிரு" என்றார்.

முடிவு: வலது அறையில் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமில்லை. நீச்சல் கொஞ்சம் மந்தம். 'இந்த எலிகளில், இந்த அறையில், இத்தனை நாளில்' என்று எழுதச் சொன்னார். 'அஞ்சத்தக்க' என்று ஒரு சொல் போட்டிருந்தேன். அடித்துவிட்டார். கடைசிப் பாராவுக்கு என்ன எழுதட்டும் என்றேன். "உங்களுக்குத் தெரியும்" என்றார். 'மேலும் ஆய்வு தேவை' என்று எழுதினேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

நந்தினிக்கு வளைகாப்பு. சேந்தமங்கலத்தில் மண்டபம். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தார்கள். நான் பந்திக்குப் போகவேண்டிய பாயச வாளியோடு மேடைப் பக்கம் நின்றிருந்தேன்.

பெரியவர்கள் ஒவ்வொருவராக வளையல் போட ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு மூத்த மருமகள் என்று கோகிலாவும் தட்டிலிருந்து வளையலை எடுத்தாள். அப்போது பாவாயி அத்தை, என் அப்பாவின் அக்கா, அவள் முழங்கையைப் பிடித்து, "நீ சித்த அக்கட்டால நில்லு கண்ணு. புள்ள பெத்தவங்க மொதல்ல போடட்டும். தப்பா நெனச்சுக்காத" என்றார். தேன் மாதிரிக் குரல். அம்மா பூவைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டார்.

கோகிலா சிரித்தபடியே வளையலைத் தட்டில் திரும்ப வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

மண்டபத்தில் மொட்டை மாடி இருந்தது. படிக்கட்டும் பக்கத்தில்தான் இருந்தது.

நான் வாளியைக் கீழே வைத்தேன். "அத்தை, அவளுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. கொறை எனக்குத்தான். வியாழக்கிழமை எனக்கு ஆபரேசன். அவ போடட்டும்" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. நாதஸ்வரக்காரர் நிறுத்திவிட்டார்.

அத்தையின் கணவர் செல்லமுத்து மாமாவுக்குக் காது மந்தம். முன்வரிசையிலிருந்து, "என்னடா ஆபரேசன்னு சொல்றான்? எங்கடா?" என்றார்.

"சேலத்துலீங்க மாமா."

"ஊரக் கேக்கலடா. ஒடம்புல எங்க?"

மண்டபமே என்னைப் பார்த்தது. "இடுப்புக்குக் கீழீங்க மாமா" என்றேன்.

"அட" என்றார் மாமா, எல்லாருக்கும் கேட்கும்படி.

நந்தினிதான் முதலில் அசைந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்து, இரண்டு கையையும் கோகிலாவிடம் நீட்டினாள். "நீங்க போடுங்கக்கா." அம்மா எழுந்து வந்தார். தட்டைத் தானே எடுத்து கோகிலாவிடம் கொடுத்தார். என்னை அவர் பார்க்கவில்லை. கோகிலாவைத்தான் பார்த்தார். ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. கோகிலா தலையாட்டினாள்.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போனேன். கால் தரையில் பாவவில்லை. பாயசம் கேட்டவருக்கும் ஊற்றினேன், கேட்காதவருக்கும் ஊற்றினேன்.

சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் பாவாயி அத்தையின் மூத்த மருமகன் என் பக்கத்துக் குழாயைத் திறந்தார். தண்ணீர் சத்தத்தில், "மச்சா, அந்தச் சேலத்து டாக்டர் நம்பர் இருக்குமா? என் பிரெண்டு ஒருத்தனுக்கு" என்றார். கொடுத்தேன். வாளியைத் திருப்பி வைக்கப் போனபோது சமையலறை வாசலில் போட்டோக்காரர் கேட்டார். அவருக்கும் ஒரு பிரெண்டு. செருப்பு விடும் இடத்தில் இன்னொருவர், அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை, பிரெண்டு என்றுகூடச் சொல்லவில்லை. போனை நீட்டி, "இதுலயே ஏத்திடுங்க" என்றார். கடைசியில் செல்லமுத்து மாமா தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். எழுபத்தெட்டு வயது. "எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு. எதுக்கும் இருக்கட்டும்."

திரும்பி வரும்போது கோகிலாதான் ஓட்டினாள். கை நிறையக் கண்ணாடி வளையல், சிவப்பும் பச்சையும், முழங்கை வரை அடுக்கி விட்டிருந்தார்கள். சேந்தமங்கலம் தாண்டினோம்.

"கை கழுவப் போயி அவ்வளவு நேரம் என்ன பண்ணுனீங்க?" என்றாள்.

சொன்னேன். மருமகன், போட்டோக்காரர், பெயர் சொல்லாதவர். மாமா வரை வந்ததும் அவள் இண்டிகேட்டர் போட்டு, காரை ஒழுங்காக ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். நின்றுவிட்டது என்று நினைத்து அவள் சாவியைத் தொடுவாள், மறுபடி வந்துவிடும். அந்த ரோட்டோரத்தில் ரொம்ப நேரம் அவள் வளையல்கள் குலுங்கிக்கொண்டே இருந்தன.